மூன்று மணிக்கு ஏறியவர்

ஜூலை 16, ஞாயிறு

மகள் வாணியின் தோழிக்குக் காய்ச்சல். மிஞ்சிய டிக்கெட்டில் நான் 'ஆறாவது மணி' படத்துக்குப் போனேன். கார் பந்தயப் படம் என்றதால் தலைவலி வரும் என்று எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை.

ஆறு மணி நேரப் பந்தயம். ஒரு காரை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். கடைசி ஒரு மணி நேரம், மழையில், கையில் அடிபட்டிருந்தும் ஞானசிகாமணி என்கிறவர் ஓட்டி ஜெயிக்கிறார். தொண்ணூற்றெட்டில் நம் கோயம்புத்தூரிலேயே நடந்த கதையாம். அவர் இன்னும் இங்கேதான் இருக்கிறாராம். தியேட்டரில் "சிகா, சிகா" என்று ஒரே கூச்சல்.

எனக்குப் பிடித்தது வேறு. காருக்குப் பெட்ரோல் போட, டயர் மாற்ற, ஓட்டுபவர் இறங்கி ஏற ஓர் இடம் இருக்கிறது. பிட் என்கிறார்கள். நம் பஸ் ஸ்டாண்ட் மாதிரிதான். அங்கே ஒரு அம்மா கையில் அட்டையை வைத்துக்கொண்டு எந்தக் கார் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதிக்கொண்டே இருக்கிறார். மூன்று காட்சியில்தான் வருகிறார். அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருடமாக டவுன் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு நான் செய்வது அதே வேலை. யாருக்காகவும் ஒரு நிமிடத்தை மாற்றி எழுதியதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, எழுதினால் பின்னால் வரும் பஸ்காரன் சட்டையைப் பிடிப்பான்.

கடைசிக் காட்சியில் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. ஏசி சரியில்லை.

ஜூலை 30, ஞாயிறு

வெளிநாட்டில் நடந்த இருபத்துநாலு மணி நேரப் பந்தயம் ஒன்றை வாணி போனில் பார்த்தாள். கூட உட்கார்ந்து நானும் ஒன்பது மணி நேரம் பார்த்தேன். சாந்தாமணி சாப்பாட்டைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்துவிட்டு, "கல்யாணமாகி இருபத்திநாலு வருசத்துல எங்கூட ஒம்பது மணி நேரம் சேந்தாப்புல உக்காந்திருக்கீங்களா?" என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் முதலில் போய்க்கொண்டிருந்த கார் பிட்டுக்குள் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

ரசிகர்கள் கூடுகிறார்கள் என்று வாணி என்னையும் ஒரு பேக்கரிக்கு அழைத்துப் போனாள். வாட்ஸ்அப் குழு அவள் ஆரம்பித்ததுதான். மூன்று வாரத்தில் நூற்று எண்பது பேர் சேர்ந்துவிட்டார்களாம். நேரில் வந்தவர்கள் முப்பத்தொரு பேர். நர்சிங் படிக்கும் பெண்கள் நான்கு பேர், வெல்டர் ஒருவர், மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. எல்லாரும் படம் பார்த்துவிட்டு வந்தவர்கள். ஒரு மாதத்துக்கு முன்னால் இவர்களில் ஒருவருக்கும் இப்படி ஒரு பந்தயம் இருப்பதே தெரியாது. இப்போது டயரை எப்போது மாற்ற வேண்டும் என்று சண்டை போட்டுக்கொள்கிறார்கள். பாதிப் பேர் மஞ்சள் தொப்பி போட்டிருந்தார்கள். சிகாவின் ஹெல்மெட் மஞ்சள்.

பெரியவர், "இதுல வேகம்தானேம்மா முக்கியம்?" என்று கேட்டார்.

"இல்லீங்க தாத்தா. ஒரு ரவுண்டு வேகமா யாரு வேணா ஓட்டலாம். ஆறு மணி நேரம் தப்புப் பண்ணாம இருக்கறது யாருங்கறதுதான் இது," என்றாள் வாணி.

இருபது வயதில் இவள் இப்படிப் பேசுவாள் என்று நான் நினைத்ததில்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

பதினோரு வருடம் கழித்து நம் ஊர் டிராக்கில் மறுபடியும் ஆறு மணி நேரப் பந்தயம் நடக்கப் போகிறது. அக்டோபர் 15. படம் கொண்டுவந்த கூட்டத்தைப் பார்த்துத்தான் பந்தயக் கிளப்காரர்கள் துணிந்திருக்கிறார்கள். ஐம்பத்துநாலு வயதில் சிகாவும் ஓட்டுகிறார்.

தன்னார்வலர் வேண்டும் என்றார்கள். வாணியைப் பிட் மார்ஷலாக எடுத்துக்கொண்டார்கள். ஓட்டுபவர் ஏறியதும் பெல்ட் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஏறியவர் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுத வேண்டும். பந்தய இயக்குநர் சுபத்ரா மேடம் என்னிடம் என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். "இத்தனை வருசமா எங்கீங்க இருந்தீங்க?" என்று சிரித்துவிட்டு, நேர மேசையில் என்னை உட்கார வைத்துவிட்டார்.

செப்டம்பர் 10, ஞாயிறு

டிராக்கில் பயிற்சி. ஞானசிகாமணி சார் வந்திருந்தார். காலையில் கை கொடுத்தேன், பெயரைச் சொன்னேன். மதியம் சாப்பாட்டு வரிசையில் "கனகராஜ், தயிர் வாங்கிட்டீங்களா?" என்றார். நூறு பேருக்கு நடுவில் என் பெயர் அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

அவரோடு சேர்ந்து ஓட்டப் போகிறவன் நௌஷாத். குறிச்சிப் பையன், இருபத்துநாலு வயது, லேத் பட்டறையில் வேலை. பேச்சு அதிகம் இல்லை.

அக்டோபர் 1, ஞாயிறு

ஞானசிகாமணி சார் இன்று நம் வீட்டில் சாப்பிட்டார். தெருவே வாசலில் நின்றது.

சாந்தாமணி அரிசிம்பருப்பு சாதமும் கோழி வறுவலும் செய்திருந்தாள். தம்ளரை எடுக்கும்போது அவர் கையிலிருந்து கொஞ்சம் தண்ணீர் சிந்தியது. நான் பார்க்காத மாதிரி இன்னொரு தம்ளரை இடது கைப் பக்கம் வைத்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வாணி அவரை விடவில்லை. அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டாள். "என் கையை நான் நம்பல, காலத்தை நம்பினேன்," என்றார். வாணிக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் போன பிறகு சாந்தாமணி, "படத்துல சொன்னதையே அப்படியே சொல்றாருங்க," என்றாள். அவர் சொன்னதைத்தானே படத்தில் வைத்திருப்பார்கள். இது அவளுக்குப் புரியவில்லை.

முன்னதாகக் காரில் ஏறும்போது என் தோளில் கை போட்டு, "அன்னிக்கு எங்க பிட்டுக்கு எதிர் மேசையில நீங்கதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப எனக்குக் கவலையில்லை," என்றார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பஸ் முதலாளி இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அக்டோபர் 15, ஞாயிறு

பந்தயம் முடிந்தது. சிகாவின் கார் இரண்டாவது இடம்.

முறையாக எழுதுகிறேன். காலை பத்து மணிக்குத் தொடக்கம். பதினெட்டுக் கார்கள். கேலரியில் நாலாயிரம் பேர் என்று அறிவித்தார்கள். முன்பெல்லாம் மெக்கானிக்குகளின் வீட்டார் மட்டும்தான் வருவார்களாம். இன்று எங்கு பார்த்தாலும் மஞ்சள். நர்சிங் பெண்கள் மடியில் தாளை விரித்து ஒவ்வொரு சுற்றையும் எழுதிக்கொண்டிருந்தார்கள். மின்வாரியப் பெரியவர் வெயில், மழை என்று பார்க்காமல் ஆறு மணி நேரமும் இடத்தை விட்டு நகரவில்லை.

விதி இது: இரண்டு பேரில் ஒவ்வொருவரும் குறைந்தது இரண்டு மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் காருக்கு இடம் கிடையாது. முதல் ஒரு மணி நேரம் ஞானசிகாமணி சார் ஓட்டினார். 11.03க்கு இறங்கினார், நௌஷாத் ஏறினான். அதன்பின் பெட்ரோலுக்கு மட்டும் நின்று, இறங்கி ஏறி, மூன்று மணி வரை அவனே ஓட்டினான். கடைசி ஒரு மணி நேரம் சிகா ஓட்டுவார் என்று எல்லாருக்கும் தெரியும். அதைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள்.

2.58க்குக் கார் உள்ளே வந்தது. நௌஷாத் இறங்கி ஷெட்டுக்குள் போனான். மழை பிடித்துக்கொண்டது. 3.01. மஞ்சள் ஹெல்மெட் ஏறியது. வாணி குனிந்து பெல்ட்டைப் பார்த்தாள். கார் கிளம்பியது. அட்டையில் ஓரிடத்தில் அடித்து எழுத வேண்டியதாயிற்று. சாரலில் பேனா வழுக்கியது.

அந்த ஒரு மணி நேரத்தை என்னவென்று எழுதுவது! மற்றவர்கள் தடுமாறிக்கொண்டிருந்த ஈரத் தரையில் அந்தக் கார் ஆறாவது இடத்திலிருந்து இரண்டாவதுக்கு வந்தது. 3.40க்கு ஓடிய சுற்றுதான் இன்றைய நாளின் மிக வேகமான சுற்று. ஈரத்தில்! கேலரி மொத்தமும் எழுந்து நின்றது. முடிந்ததும் கார் நேராக ஷெட் வாசலுக்கு வந்தது. சற்று நேரத்தில் ஞானசிகாமணி சார் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வெளியே வந்து கையசைத்தார். படத்தில் பார்த்த மாதிரியே இருந்தது.

வீட்டுக்கு வரும்போது வாணி ஒன்றும் பேசவில்லை. களைப்பாக இருக்கும்.

அக்டோபர் 16, திங்கள்

மதியம் பன்னிரண்டரைக்கு ஞானசிகாமணி சார் பஸ் ஸ்டாண்டுக்கே வந்தார். கண்டக்டர்கள் படம் எடுத்துக்கொள்ள முண்டியடித்தார்கள். எல்லாரோடும் நின்றுவிட்டு என் அறைக்குள் வந்து உட்கார்ந்தார்.

வாணி தன் சீட்டில் மூன்று மணிக்கு ஏறியவர் பெயர் நௌஷாத் என்று எழுதிவிட்டாளாம். நான் மேசையிலிருந்து கொடுத்த தாளில் பெயர் எழுதவில்லை, மஞ்சள் ஹெல்மெட் என்று மட்டும் இருக்கிறதாம். அதனால் மாலை நாலு மணிக்குக் கிளப் அலுவலகத்தில் விசாரிக்கப் போகிறார்கள்.

"உங்க பொண்ணு நல்ல பொண்ணுங்க. மழை, கூட்டம், முதல் தடவை. பதட்டம் இருக்கத்தானே செய்யும்," என்றார். பிறகு, "அந்தப் பிள்ளைக முகத்தைப் பாத்தீங்கல்ல கனகராஜ்? இப்பத்தான் வர ஆரம்பிச்சிருக்காங்க. நாளைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க. அதை நாம பண்ணணுமா?"

நாம என்று சொன்னார்.

என்னிடம் எதையும் மாற்றிச் சொல்லச் சொல்லவில்லை. இதைத் தெளிவாகக் குறித்துவைக்கிறேன்.

அலுவலகத்தில் சுபத்ரா மேடம், வாணி, நான்.

"நீ முகத்தைப் பாத்தியாம்மா?"

"முகம் தெரியல மேடம். கண்ணாடி மூடியிருந்துச்சு. ஆனா 'தோள்ல கொஞ்சம் இறுக்குங்க'ன்னு சொன்னாரு. அது நௌஷாத் அண்ணா குரல்."

மேடம் என்னைப் பார்த்தார். "நீங்க எதுத்தாப்புல இருந்தீங்க. யார் ஏறினாங்க?"

"மஞ்சள் ஹெல்மெட்டுங்க. அது ஞானசிகாமணி சாரோடதுங்க."

"ஆள்?"

"அவர்தானுங்களே மேடம். தகரக் கூரை மேல மழை கொட்டிட்டு இருந்துச்சு. ஹெல்மெட்டுக்குள்ள இருந்து வர்ற குரல் யாரோடதுன்னு எப்படிச் சொல்ல முடியும்? சின்னப் பொண்ணு, பதட்டத்துல ஏதோ நெனச்சிருப்பா."

வாணி மேடத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மார்ஷல் அட்டையை மேடம் வாங்கி வைத்துக்கொண்டார். முடிவில் மாற்றமில்லை, இரண்டாம் இடம் உறுதி.

நாலாயிரம் பேரை நினைத்துத்தான் பேசினேன். வாணி வளர்ந்த பிறகு புரிந்துகொள்வாள்.

அக்டோபர் 18, புதன்

விஷயம் எப்படியோ குழுவுக்குப் போய்விட்டது. சிகா மேல் பொய் சொன்னவள் என்று வாணியை நீக்கிவிட்டார்கள். அவள் ஆரம்பித்த குழு. என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள், சாந்தாமணி படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அந்த நர்சிங் பெண்களில் ஒருத்தி மட்டும் அழைத்தாளாம், வாணி எடுக்கவில்லை.

நம்பிக்கைத் துரோகிகள். அவள் வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்தவர்கள்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. பஸ்களுக்குப் பொட்டு வைத்து வாழைக்கன்று கட்டியாயிற்று. ஞானசிகாமணி சார் வருவதாகப் போன வாரம் ஒப்புக்கொண்டிருந்தார். டிரைவர்களிடம் சொல்லி வைத்திருந்தேன். பதினோரு மணி வரை பூசணிக்காய் உடைக்காமல் காத்திருந்தோம். ஏழு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

சூட்டிங்காக இருக்கும் என்றார்கள். அவர் நடிகர் இல்லை என்றேன்.

அக்டோபர் 29, ஞாயிறு

படத்தின் நூறாவது நாள் விழா. அவருக்குத் தலைப்பாகை கட்டினார்கள், பந்தயக் காட்சியையும் படக் காட்சியையும் திரையில் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். 3.40 சுற்றைக் காட்டியபோது அரங்கம் அதிர்ந்தது. அவர் தலை குனிந்து கும்பிட்டார்.

கார் நிற்கும் இடத்தில் காத்திருந்தேன். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவர்களிடம் ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு ஓரமாக அழைத்துப் போனார். வாணிக்கு அட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மேடத்திடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன்.

"கனகராஜ், கொஞ்ச நாளைக்கு நாம சேந்து நிக்கறது நல்லாயிருக்காது, பாத்துக்கங்க," என்றார். தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

இப்போதும் நாம என்றுதான் சொன்னார்.

என் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டவர். என்னை ஏமாற்றிவிட்டார். இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. வாணி திருப்பூரில் அவள் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள்.

பலகாரத்தைத் தட்டில் வைத்துவிட்டு சாந்தாமணி கேட்டாள்: "அன்னிக்கு நீங்க என்னதான் பாத்தீங்க?"

"மஞ்சள் ஹெல்மெட்."

"பஸ் ஸ்டாண்டுல நூறு டிரைவரை முதுகை வச்சே பேர் சொல்றவருங்க நீங்க."

அதிரசம் இந்தத் தடவை கொஞ்சம் கெட்டி.

நவம்பர் 18, சனி

மாலை நாலு மணிக்கு நௌஷாத் வீட்டுக்கு வந்தான். திருப்பூரிலிருந்து திரும்பியிருந்த வாணி கதவைத் திறந்தாள். அவனைப் பார்த்ததும் வழிவிட்டு நின்றாள், உள்ளே போகவில்லை.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அண்ணா, சென்னையில ஒரு டீம் வெளியூர்ப் பந்தயத்துக்கு ஆள் எடுக்கறாங்க. போனேன். பந்தயத்துல நீ ஓட்டின நேரத்தைக் காட்டுன்னாங்க. எம் பேர்ல இருக்கறதைக் காட்டினேன். அம்பத்துநாலு வயசுக்காரர் உன்னைவிட வேகமா ஓட்டியிருக்காரே தம்பின்னு சிரிச்சாங்க."

"அந்தச் சுத்து என்னோடதுங்ணா. சொன்னா என்னையும் தடை பண்ணுவாங்க. தெரியும். ஆனாலும் மேடத்துகிட்டச் சொல்லப் போறேன். நான் மட்டும் சொன்னா நம்பமாட்டாங்க. நீங்க வரணும்."

அன்று என்ன நடந்தது என்று கேட்டேன். முதல் ஒரு மணி நேரம் ஓட்டி இறங்கியபோதே ஞானசிகாமணி சாருக்கு வலது கை விரல்கள் மடங்கவில்லையாம். இரண்டு வருடமாகவே அப்படித்தானாம். பெட்ரோலுக்கு நின்ற நேரத்தில் அவர் ஷெட்டுக்குள் அழுதுகொண்டிருந்ததை இவன் பார்த்தானாம்.

"எனக்குத் தாங்கலைங்க. எத்தனை பேர் வந்திருக்காங்க. நானே போறேன்னு நாந்தான் சொன்னேன். அவர் கேக்கலை."

"அவர் டிரெஸ் உனக்கு எப்படிப்பா பொருந்துச்சு?" என்று கேட்டேன். ஞானசிகாமணி சார் நல்ல பருமன். இவன் ஒல்லி.

"அது எம் பையிலயே இருந்துச்சுங்க. காலையில டீம்ல எம் அளவுல குடுத்தாங்க, ஸ்பேர்னு. அவர் மாதிரியே மஞ்சள் பட்டை வச்சு..."

சொல்லிக்கொண்டே நிறுத்திவிட்டான். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தான். நான் அன்று வாசலில் என் தோள் மேல் இருந்த கையை நினைத்துக்கொண்டேன். அப்ப எனக்குக் கவலையில்லை.

வாணி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து அவனிடம் கொடுத்தாள்.

"காலையிலயே முடிவு பண்ணிட்டாங்க," என்றான் நௌஷாத். "எங்கிட்டச் சொல்லியிருந்தாக்கூட நான் ஓட்டியிருப்பேன். அழ வேண்டியதில்லை."

இனி எழுதுகிறேன். அன்று 3.01க்கு நான் அட்டையில் முதலில் எழுதியது 'நௌ'. காரில் ஏறும்போது நௌஷாத் இடது காலை முதலில் வைத்து உடம்பைத் திருப்புவான். அன்று அதே மாதிரி நாலு தடவை அவன் ஏறியதைப் பார்த்திருந்தேன். பேனா தானாகவே எழுதியது. பிறகுதான் மஞ்சளைப் பார்த்தேன். அடித்துவிட்டு மஞ்சள் ஹெல்மெட் என்று எழுதினேன். பேனா வழுக்கவில்லை. மாலையில் கொடுத்தது நகல் எடுத்த தாள். அட்டையில் இருந்த தாளை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பீரோவில் இருக்கிறது. எதற்காகக் கொண்டுவந்தேன் என்று தெரியவில்லை.

அதை எடுத்து மேசை மேல் வைத்தேன். நௌஷாத் பார்த்தான். வாணியும் பார்த்தாள். அடித்திருந்த எழுத்தின் மேல் அவள் விரலை வைத்தாள். பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நவம்பர் 25, சனி

விசாரணை. நௌஷாத் எல்லாவற்றையும் சொன்னான். நான் தாளைக் கொடுத்தேன். ஞானசிகாமணி சார் வரவில்லை, உடல்நிலை சரியில்லை என்று கடிதம் அனுப்பியிருந்தார்.

சுபத்ரா மேடம் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அன்னிக்கு உங்க பொண்ணு சொன்னது சரின்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியுமுங்க."

"அப்புறம் ஏன்?"

வழியில் யோசித்து வைத்திருந்தேன். ரசிகர்கள், புதிதாக வரும் பிள்ளைகள், விளையாட்டின் எதிர்காலம். ஆனால் "அவர் எங்க வீட்டுக்கு வந்திருந்தாருங்க," என்றேன். மேடம் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

கார் நீக்கம். ஞானசிகாமணிக்கு இரண்டு வருடத் தடை. நௌஷாத்துக்கு ஆறு மாதம். நேர மேசைக்கு நான் இனி வர வேண்டியதில்லை. வாணியின் அட்டை திரும்பக் கிடைத்தது.

கார் நீக்கப்பட்டதால் அதன் சுற்றுகள் எல்லாம் பதிவிலிருந்து போய்விட்டன. 3.40 சுற்று இப்போது யார் பெயரிலும் இல்லை. மேடம் இதை விளக்கியபோது நௌஷாத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். வெளியே வந்து பைக்கை இரண்டு மூன்று தடவை உதைத்தான். கிளம்பவில்லை. வாணி பின்னால் நின்று தள்ளிவிட்டாள்.

டிசம்பர் 3, ஞாயிறு

குழுவில் மறுபடியும் வந்து சேரச் சொல்லி வாணியிடம் மன்னிப்புக் கேட்கிறார்களாம். சாந்தாமணி சொன்னாள். என்னிடம் வாணி நேராகப் பேசுவதில்லை.

படம் பொய் என்று பெரியவர் தொப்பியைக் குப்பையில் போட்டாராம். அதற்கு வாணி, "படம் பொய்யாவே இருக்கட்டும் தாத்தா. வெயில்லயும் மழையிலயும் ஆறு மணி நேரம் நீங்க உக்காந்திருந்தது பொய்யில்லையே," என்றாளாம். இதையும் சாந்தாமணிதான் சொன்னாள்.

டிசம்பர் 17, ஞாயிறு

டிராக்கில் நாலு மணி நேரப் பந்தயம். யாரும் வரமாட்டார்கள் என்றார்கள். எண்ணூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். நானும் டிக்கெட் வாங்கிப் போனேன்.

வாணி சாப்பாட்டை மறந்துவிட்டுப் போயிருந்தாள். சாந்தாமணி கொடுத்தனுப்பிய டப்பாவோடு பிட் வாசலுக்குப் போனேன். ஆரஞ்சு நிறக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். நான் ஓர் அடி எடுத்து வைத்ததும் கையை நீட்டினாள்.

"சார், பாஸ் இருக்கறவங்க மட்டும்தான் கோட்டுக்கு இந்தப் பக்கம்."

பக்கத்தில் இருந்த மார்ஷலுக்கு நான் யார் என்று தெரியாது. டப்பாவை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் சார்," என்றாள்.

மேலே போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா, இரண்டு பெண் குழந்தைகளோடு. போன வாரம்தான் டிவியில் படம் பார்த்தார்களாம். மஞ்சள் ஹெல்மெட் எப்போது வரும் என்று கேட்டார். இன்று வராதுங்க என்றேன். நாலு மணி நேரமும் நான் வாணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு காரும் வந்து நின்றபோது குனிந்தாள், பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள், எழுதினாள். அந்தப் பெண் குழந்தைகள் இரண்டும் கடைசி வரை கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தன.

திரும்பும்போது இருவரும் ஒரே பஸ்ஸில் ஏற வேண்டியதாயிற்று. காலியாக இருந்தது இரண்டு பேர் உட்காரும் சீட் ஒன்றுதான். அவள் ஜன்னலோரம் நகர்ந்து இடம் விட்டாள். பஸ் போத்தனூரைத் தாண்டியது. பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"அந்த விழாவுல அவர் உங்ககூட நல்லாப் பேசியிருந்தா, அந்தத் தாளைக் குடுத்திருப்பீங்களாப்பா?"

கண்டக்டர் வந்து போனார். ஒரு ஸ்டாப் போயிற்று. இன்னொரு ஸ்டாப்.

"குடுத்திருக்க மாட்டேன் சாமி," என்றேன்.

"தெரியும்," என்றாள்.

இறங்கியதும் அவள் வேகமாக முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். எங்கள் தெரு முனைக்கு வந்ததும் நின்றாள். நான் வந்து சேரும்வரை திரும்பிப் பார்க்காமலேயே நின்றாள். நான் பக்கத்தில் வந்ததும் மறுபடி முன்னால் நடக்க ஆரம்பித்தாள்.